நாலு பத்து

அம்பத்தூர் எஸ்டேட்டில் கரண்ட் போனபோது
ஐந்நூற்றுப் பன்னிரண்டு சென்ட் பாட்டில்கள்
அடுப்புக்குள் பாதி வெந்து நின்றன.

வரவேண்டியது ரோஜா.
வந்ததோ
இடித்துக்கொண்ட முட்டியின் மூன்றாம் நாள் நிறம்.

நசீமா ஒன்றை எடுத்தாள்.
பிளேடால் கட்டம் கீறி
டேப் ஒட்டி, நகத்தால் தேய்த்து
சரக்கென்று உரித்தாள்.
ஒரு செதில்கூட வரவில்லை.
"கலர்தான் போச்சு. பிடிப்பு இருக்கு."

பிறகு வாயருகே வைத்து ஹா என்று ஊதினாள்.
அமிலத்தில் முக்கியெடுக்கிற பனிவெண்மை
ஒரு நொடிக்கு இலவசம்.
அந்த மங்கலில் தெரிந்தது
பூச்சுக்கு அடியில் ஒரு கட்டைவிரல்.

என்னுடையதுதான்.
மத்தியானம் கையுறை கிழிந்ததை
யாரிடமும் சொல்லவில்லை.
அவள் என்னைப் பார்த்தாள்,
பாட்டிலை நடுவரிசையில் செருகினாள்.

வேதமணி சார் ஒன்றை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து
போட்டோ எடுத்து அனுப்பினார்,
திட்டு வாங்கத் தயாராக.
போனை வைத்துவிட்டு வந்தவர் குரலே வேறு:
"இதே கலர்ல இருபதாயிரம் வேணுமாம்.
எப்படிப் பண்ணோம்?"

ஒருவரும் பேசவில்லை.
கம்ப்ரஸர் மட்டும் திரும்ப உறுமத் தொடங்கியது.

"கரண்ட் எப்போ போச்சு?" என்றாள் நசீமா.
"நாலு பத்து."
"வந்தது?"

யாரும் பார்த்திருக்கவில்லை.
டீ குடிக்கப் போயிருந்தோம்.