நாலாம் நம்பர் சிஸ்டம்

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தை.
கடையில் நிற்கவும் இடமில்லை.
ஆடு விற்றுவிட்டு வந்த திம்மராயன்
சிட்டா நகல் எடுக்க இரண்டாம் நம்பரில் உட்கார்ந்தார்.
திரையில் மூன்று பச்சைப் பொத்தான்,
மூன்றிலும் டவுன்லோடு.
பெரியதாய் இருந்ததை அமுக்கினார்.
திரை சிவந்து, உள்ளே பதினேழு வைரஸ் என்று அலறி,
உடனே கூப்பிடச் சொல்லி ஒரு நம்பர் கொடுத்தது.
நான் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்குவதற்குள்
ஏழு இலக்கம் அழுத்திவிட்டிருந்தார்.
மடியில் ஆட்டுப் பணம்.

அன்றிரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஆறு கணினிக்கும் பிரவுசர் தேட உட்கார்ந்தேன்.
எதைத் திறந்தாலும் அது
தருமபுரி தருமபுரி என்று கூவும் கண்டக்டர் மாதிரி
இனி என்னில் மட்டும் ஏறு என்றது.
ஒன்று நல்ல வேகம்,
நாம் இறங்கிய ஊரையெல்லாம் குறித்துவைத்துக்கொள்ளும்.
இன்னொன்று எதையும் குறிக்காது;
ஆனால் பத்திரப்பதிவுத் தளம் வரை போகாமல்
பாதி வழியில் இறக்கிவிடும்.
ஒரு மணிக்கு இரண்டை வைத்துக்கொண்டேன்,
அரசாங்க வேலைக்கு ஒன்று
மற்ற அலைச்சலுக்கு ஒன்று.

ஆட்-ஆன்கள்தான் வேடிக்கை.
காலையில் ஒரு மாம்பழப் படம்,
மாலையில் வேறு மாம்பழப் படம்,
அவ்வளவுதான் அதன் வேலை.
அதற்கு
நான் போகும் எல்லாத் தளங்களிலும்
எல்லாத் தரவையும் படிக்க, மாற்ற அனுமதி வேண்டுமாம்.
தண்ணீர் கேட்டு வந்தவன் பீரோ சாவி கேட்டால்
எங்கள் பக்கம் என்ன சொல்வோமோ
அதைச் சொன்னேன், வாய்விட்டே.

விளம்பரத் தடுப்பான் ஒன்று மட்டும் போட்டேன்.
பக்கங்கள் காலியாயின
திங்கட்கிழமைச் சந்தைத் திடல் போல.
கூடாரக் குச்சி பிடுங்கிய குழிகள்,
நடுவில், தேடி வந்த ஒரே ஒரு பொத்தான்.

மறுநாளே பர்கூர்ப் பையன் சண்டைக்கு வந்தான்.
தேர்வுக் கட்டணப் பெட்டி திறக்கவில்லை,
கடைசி நாள், கடைசி மணி.
நல்ல நாய்தான், மாமனையும் குரைக்கிறது.
அந்தத் தளத்துக்கு மட்டும் அவிழ்த்துவிட்டேன்.

புதன்கிழமை, ஷூ கம்பெனி ஷிப்ட் விட்டு
கழுத்தில் அடையாள அட்டையோடு கோகிலவாணி வந்தாள்.
"தடம் விடாத ஜன்னல் ஒண்ணு இருக்காமேக்கா?"
தொப்பியும் கண்ணாடியும் வைத்த
அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்துகாட்டினேன்.
பொய் சொல்ல வரவில்லை.
"உனக்கு அப்புறம் உக்கார்றவங்களுக்குத் தெரியாது.
அதோ மேல பச்சையா கண்ணடிக்குதே
அதுக்குத் தெரியும்.
என்ன பேசினேன்னு தெரியாது,
எந்த ஊருக்குப் போனேன்னு தெரியும்.
அது என்னோடது."
கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.
பிறகு நாலாம் நம்பரில்
திரையை முதுகால் மறைத்து உட்கார்ந்தாள்.
நாற்பது நிமிடம். இருபது ரூபாய்.
சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை அண்ணன்காரன்.
வண்டியை அணைக்கவில்லை.
"நேத்து நாலாம் நம்பர்ல என் தங்கச்சி என்ன பாத்தா?"
பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிறது, நேரம் இருக்கிறது.
மீதி மேலே இருக்கிறது.
அழிக்க எனக்கு அனுமதியில்லை,
காட்டவும் இல்லை.
"ஸ்டேஷன்ல எழுதி வாங்கிட்டு வா."
"எனக்கும் கம்ப்யூட்டர் தெரியும்" என்றான்.
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை,
கூரையைப் பார்த்துச் சொன்னான்.

புகை அடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.
ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் பெட்டியைத் திருப்பினேன்.
அடியில் கம்பெனிக்காரன் ஒட்டிய சீட்டு
வாங்கிய நாளிலிருந்து அப்படியே,
பயனர் அட்மின்,
கடவுச்சொல் அட்மின்.
ஆறு வீட்டுக்குப் பூட்டு வாங்கிப் போட்டவள்
சாவிக்கொத்தை நிலைப்படியில் வைத்திருக்கிறேன்.

சீட்டை நகத்தால் சுரண்டினேன்.
பாதி வந்தது, பாதி பசையோடு நின்றது.
புதிய சொல் பத்தொன்பது எழுத்து.
ஸ்டூலிலிருந்து இறங்கும்போது ஒருமுறை மறந்தது,
மறுபடி வந்தது.

அதை இங்கேயும் எழுதமாட்டேன்.