வேறை ஏதும் குளிசை?

"வேறை ஏதும் குளிசை பாவிக்கிறனீங்களோ?"
டொக்டர் பேனையைத் தூக்கினபடி கேட்டவர்.
பக்கத்துக் கதிரையிலை மாமி.
மாமியின்ர மடியிலை என்ர கைப்பை.
கைப்பைக்குள்ளை ஊசிநூல் பெட்டி,
பெட்டிக்குள்ளை காபமசப்பின்.

"இல்லை" எண்டன்.
நல்ல நேரம், இருமல் வந்தது.

காலமை ஒண்டு, இரவு ஒண்டு, பதினொரு வருசம்.
கலியாணம் பேசேக்கை செவ்வாய் பார்த்தவை,
சீதனக் காணியின்ர உறுதியை
வெயிலிலை பிடிச்சு எழுத்தெழுத்தாப் பார்த்தவை.
என்ர கிளினிக் கொப்பியை அம்மா
அரிசி வாளிக்குள்ளை தாட்டுவிட்டவ.
வலிப்பு எண்ட சொல்லும் அதோடை போச்சுது.

கொக்குவில் டொக்டர் எழுதினது கிளரித்ரோமைசின்,
ஏழு நாளைக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு.
நெஞ்சுச் சளிக்கு நல்ல மருந்து.
அவரிலை ஒரு பிழையுமில்லை.

மூண்டாம் நாள்
கே.கே.எஸ். வீதியிலை ரெண்டு பஸ் வந்தது.
ஒரே இலக்கம், ஒரே மாலை, ஒரே கொண்டக்டர்
ரெண்டு வாயாலை "ரவுண், ரவுண்" எண்டான்.
எதிலை ஏற?
கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினன்.
பிடிபட்ட கம்பிதான் மெய்.

சங்கக் கந்தோரிலை
பேரேட்டுக் கணக்கெல்லாம் சோடி சோடியா நிண்டுது.
நிலம் குறிகட்டுவானிலை வள்ளம் ஏறின மாதிரி.
"பிள்ளை, ஏதும் குடிச்சனியோ?" எண்டு
மனேச்சர் பகிடி விட்டார்.
பகிடி மாதிரித் தெரியேல்லை.

பின்னேரம் ஆஸ்பத்திரி வீதி.
எங்கட பக்கத்தாக்கள் வராத பாமசி எண்டு
பார்த்துப் பிடிச்ச இடம்.
ஜெயறூபிக்கு என்ர பேர் தெரியாது,
முகத்தைக் கண்டால் இருநூறு மில்லிகிராம் எடுப்பா.
காசு எடுக்கேக்கை மற்ற மருந்து அட்டை
கண்ணாடிப் பெட்டிக்கு மேலை விழுந்திட்டுது.

"உதை ஆர் தந்தது?"
"டொக்டர்."
"இதையும் குடிக்கிறதெண்டு சொன்னீங்களோ?"

நான் தராசைப் பார்த்தன்.
அதிலையும் ரெண்டு முள்ளு.

"ஈரலிலை ஒரு கதவு இருக்கு, தங்கச்சி.
உங்கட பழைய குளிசை அதாலைதான் வெளியிலை போறது.
இது வந்து வாசலிலை குந்தியிட்டுது.
போக வழியில்லாமல் பழையது ரத்தத்திலை ஏறுது.
பயத்திலை ஒண்டையும் நீங்களா நிப்பாட்டாதேங்கோ.
பழையதைச் சடாரெண்டு விட்டால் அதுதான் வலியைக் கூப்பிடும்."

போனை எடுத்துக் கொக்குவிலுக்கு அடிச்சா.
ரெண்டு வசனம் கதைச்சிட்டு
என்ர கையிலை தந்தா.
அங்காலை அதே குரல், அதே கேள்வி.
ஆறு பேர் வரிசையிலை நிக்க,
ஒரு ஐயா சளி மருந்துக்கு முனக,
நான் சொன்னன்.
காபமசப்பின். பதினொரு வருசம். வலிப்பு.
ஒருத்தரும் திரும்பிப் பார்க்கேல்லை.

டொக்டர் வேறை மருந்து சொன்னார்,
ஜெயறூபி எழுதினா.
பிறகு ஐயா போகுமட்டும் பொறுத்து
மெல்லக் கேட்டா:
"பிள்ளை தங்காமலிருக்க ஏதும்?"

ஓம். ஊசிநூல் பெட்டியின்ர அடித்தட்டிலை.

"அதை உங்கட குளிசை நிண்டுபிடிக்க விடாது.
வெளியிலை கலைச்சுப்போடும்.
கிளினிக்கிலை கேட்டு வேறை வழி எடுங்கோ."

ஒண்டு வாசலை அடைக்க, ஒண்டு கழுத்தைப் பிடிச்சுத் தள்ள,
எனக்குள்ளை இவ்வளவு சண்டை,
நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறன்.
எட்டு நாள் பிந்தியிருக்கு எண்டதை
ஜெயறூபிக்கும் சொல்லேல்லை.

இரவு.
அட்டையிலை வெள்ளித்தாள் கிழியிற சத்தத்துக்கு மேலாலை
ஒவ்வொரு நாளும் இருமுவன்.
ஏழு மாசம், நெஞ்சிலை சளி இல்லாத நாளிலையும்.

இண்டைக்கு இருமேல்லை.

அவர் மற்றப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர்.
"என்னப்பா சத்தம் அது?" எண்டார்.