கரண்ட் ரிவர்

தண்டர் பேயில் எங்கள் பகுதிக்குப் பெயர் கரண்ட் ரிவர்.
ஆற்றைப் பார்த்து வைத்தது.
தமிழ்க் காதில் விழுந்தால்
கம்பத்து வயரில் தண்ணீர் ஓடுகிற மாதிரி இருக்கும்.

ஜனவரி. இரவு ஒன்பதரை.
ஏழு மெகாஹெர்ட்ஸில் ஆயிரம் வாட் ஏற்றி
பிரேசில்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.
கதவு தட்டும் சத்தம்.
இடுப்பில் டவல், மேலே குளிர்க்கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ்,
தாடியில் ஆவி உறையத் தொடங்கியிருந்த
பக்கத்து வீட்டு ஓர்வோ ஹக்கலா.
"நீ டா டிடா டிட் என்கிறாய்.
என் சவுனா அணைந்துபோகிறது."

எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைக் காட்டினேன்.
ஒன்றுக்கு ஒன்று.
அது பொய் சொல்லவில்லை,
வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.
ஓர்வோ மீட்டரைப் பார்க்கவில்லை.
என் தரைவிரிப்பில் சொட்டிய தன் தண்ணீரைப் பார்த்து
மன்னிப்புக் கேட்டார்.
அதுதான் சுட்டது.

மறுநாள் கேபிளைச் சுற்றிக் கவ்வு மீட்டர் போட்டேன்.
உள்ளே போவதும் வருவதும்
ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்,
கணக்குப்படி ஊசி தூங்க வேண்டும்.
ஒன்று புள்ளி இரண்டு ஆம்பியர்.

செப்புப் பின்னல் ஒன்றுதான், தோல் இரண்டு.
உள்தோலில் ஓடுவதற்கு வெளித்தோல் அந்நியம்.
அன்டெனாவின் ஒரு கை ஸ்ப்ரூஸ் கிளைகளுக்குள்,
மறு கை தகரக் கொட்டகைக்கு மேல்.
தராசு சரிந்த இடத்தில் மிச்சம் வழிந்து
பின்னலின் புறத்தோடு இறங்கி
ஜன்னல் வழியே வீட்டுக்குள் வந்து
சுவர் வயரைப் பிடித்துக்கொண்டு வேலி தாண்டியிருக்கிறது.
அகத்தில் பெயர் சொல்லக் கூடாது என்பார்கள்.
புறத்துக்கு வந்ததும்
என் அழைப்புக்குறியை எழுத்தெழுத்தாக
ஒரு மனிதரின் வெந்நீர் அறையில் சொல்லியிருக்கிறது.

எட்டடி எர்த் கம்பியைப் பனி வெட்டி அடித்தேன்.
ஒன்றரைச் சாணில் பாறை.
இந்தப் பாறைக்கும் கேடயம் என்று பெயர்,
கேபிளின் பின்னலுக்கும் கேடயம் என்று பெயர்.
சுத்தியல் திரும்பி வந்து தோளில் வலித்தது.

கவ்வும் ஃபெரைட் மணிகள் பதினொன்றைக்
கேபிளில் கோத்தேன், மாப்பிள்ளை மாலை போல.
ஐந்து நிமிடத்தில் பிளாஸ்டிக் உருகிய நாற்றம்.
தொட்ட விரலில் கொப்புளம்.
ஓர் எல்லைக்கு மேல் சூடானால்
ஃபெரைட் தான் யாரென்பதையே மறந்துவிடும்.
ஓர்வோவின் கல்லில் இருக்க வேண்டிய சூடு
என் மணிகளில்.

நான் பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்ப்பவள்.
அரைகுறையாய் உரசுகிற பிரேக்தான் எரியும்.
முழுக்கப் பிடித்தது குளிர்ந்தே நிற்கும்.
இது ஏன் எனக்கு வீட்டில் தோன்றவில்லை?

கறுப்பு வளையங்கள், உள்ளங்கை அகலம், நல்ல கனம்.
டெஃப்லான் கேபிளைப் பன்னிரண்டு சுற்று, நெருக்கமாக.
ஒன்று அன்டெனாவின் கழுத்தில்.
ஒன்று ஜன்னலுக்கு வெளியே.
கொப்புளம் விழுந்த விரலை மடக்கிக்கொண்டே சுற்றினேன்.

சனி இரவு. ஓர்வோ சவுனாவுக்குள்.
கதவுக்கு வெளியே தொலைபேசியோடு அவர் மனைவி இர்யா.
நூறு வாட்.
"எரிகிறது."
ஐநூறு.
"எரிகிறது."
ஆயிரம். நீளமாய் அழுத்திப் பிடித்தேன்.
பதில் இல்லை.
பிறகு கல்லில் தண்ணீர் விழுந்து சீறும் ஓசை,
உள்ளிருந்து பின்னிஷில் ஏதோ உரத்த வார்த்தை,
இர்யாவின் சிரிப்பு.
அதை அவள் மொழிபெயர்க்கவில்லை.

வெளியே போய் வளையத்தைத் தொட்டேன்.
காய்ச்சல் விட்ட நெற்றி.
மீட்டரில் நாற்பது மில்லியாம்பியர்.
பூஜ்யம் இல்லை.
அந்த நாற்பதும் எங்கேயோ போகிறது,
எதையோ எட்டுகிறது.
இன்னும் யாரும் வந்து கதவைத் தட்டவில்லை.