பதினேழாவது விநாடி

ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குத் தட்டச்சு செய்வது என் வேலை.
ஐந்தாவது மாடி. ஹீட்டர் பாதி நாள்தான் எரியும்.
புவெனஸ் ஐரிஸில் ஆகஸ்ட் என்றால்
விரல் விறைக்கிற மாதம்.

மேசைமேல் ஒரு ஒலிப்பதிவு.
தாந்தில் பந்தயம் முடிந்து மேடைக்குப் போகிற வழியில்
பெர்லாஸ்கோ வானொலிக்காரனிடம் பேசியது.
நாற்பத்திரண்டு விநாடி.
சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும்.
இருமினால் இருமல்,
பின்னால் எஞ்சின் உறுமினால் உறுமல்.
அடித்தல் திருத்தல் கூடாது.

பின்சக்கரத்தில் நட்டு சிக்கியிருக்கிறது.
ஒன்றரை விநாடி போயிற்று, அதோடு முதலிடமும்.
யார் கை அது, என்கிறான் வானொலிக்காரன்.

எலியோ காலிசாயாவின் கை.
லினியர்ஸில் பிறந்தவர். அப்பா பொலிவியாவிலிருந்து
செங்கல் சுமக்க வந்தவர்.
பெர்லாஸ்கோ பெயரைச் சொல்லவில்லை.
பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அந்தச் சொல்லை வைத்தான்.

கால்பந்து மைதானத்தில் கூட்டமாகக் கத்துவார்களே, அது.
பள்ளிக் கழிப்பறைச் சுவரில் ஆணியால் கீறுவார்களே, அது.
இங்கே எழுதமாட்டேன்.
அங்கே எழுதினேன், இரண்டு நகல்,
சம்பளத்துக்கு.

விசாரணைக்கு அணியின் ஜாக்கெட்டிலேயே வந்தான்.
எண்ணெய்க் கம்பெனியின் பெயர் இருந்த இடத்தில்
பிரித்தெடுத்த தையல்,
ஊசித் துளைகள் வரிசையாக.

"வாய் தவறிவிட்டது" என்றார் வக்கீல்.

தலைவர் ஒல்மேதோ முன்பு தானும் கார் ஓட்டியவர்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:
"இருநூற்று நாற்பது கிலோமீட்டர் வேகம்.
முப்பது சுற்றிலும் அதே வெள்ளைக் கல்லுக்கு நேரே
பிரேக்கை மிதித்திருக்கிறான்.
கணினி வரைந்த கோடு இதோ. ஒரு சாண் தவறவில்லை.
வாய் மட்டும் எப்படித் தவறும்?"

"எல்லாரும் சொல்வதுதானே" என்றான் பெர்லாஸ்கோ.
அதையும் தட்டினேன்.

எலியோவைக் கூப்பிட்டார்கள்.
உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.
"நட்டு சிக்கியது உண்மை.
மரை தேய்ந்திருந்தது.
மாற்றச் சொல்லி வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்தேன்."
அந்தச் சொல்லைப் பற்றி?
"அதுதான் பதிவிலேயே இருக்கிறதே."

மூன்று பந்தயத் தடை. அபராதம்.
ஒரு மன்னிப்புக் கடிதம், வக்கீலின் கையெழுத்து நேர்த்தியில்.
புள்ளிகளில் கைவைக்கவில்லை.
பெர்லாஸ்கோ வெளியே போகும்போது
ஒல்மேதோவின் கையைக் குலுக்கினான்,
எலியோவின் தோளைத் தட்டினான்.
தோள் அசையவில்லை.

இனி பதினேழாவது விநாடி.
சொல் விழுந்த உடனே பதிவில் ஒரு சிரிப்பு வருகிறது.
சின்னது. யாரோ தும்மலை அடக்கினதுபோல.
எல்லாக் குரலுக்கும் ஆள் குறிக்க வேண்டும் என்பது விதி.
தட்டினேன்:
சிரிப்பு. ஒரு பெண். அடையாளம் தெரியவில்லை.

முடிவுத் தாள்களை அணைத்துக்கொண்டு
அந்த வழியாகப் போனவள் நான்.

சட்டம் பந்தய உரிமம் வைத்திருப்பவர்களுக்குத்தான்.
எனக்குச் சாதாரண ஓட்டுநர் உரிமம்கூடக் கிடையாது,
நான் பேருந்தில் வருகிறவள்.
குழுவில் ஐந்து பேர்.
ஒருவரும் அந்த வரியில் நிற்கவில்லை.

லிஃப்டில் எலியோவும் ஏறினார்.
மூன்றாம் மாடி தாண்டியதும் கேட்டார்:
"வெள்ளிக்கிழமை கொடுத்த தாள் கோப்பில் இருக்கிறதா?"
அணியிடமிருந்து வந்த உறையில் இருந்தது.
சேர்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
"சேர்க்கிறேன்" என்றேன்.
கதவு திறந்தது. கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்.
நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

மறுபடி ஐந்தை அழுத்தினேன்.
அறையில் ஹீட்டரை அணைத்துவிட்டிருந்தார்கள்.
தாளைக் கோப்பில் சேர்த்தேன்,
தேதி முத்திரை குத்தினேன்.
இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது, அங்கே என் பெயர் வர வேண்டும்.

விரல் விறைத்துவிட்டது.