பலபொருள் ஒருநொதி

டார்ட்டுவில் ஜனவரி. ஒன்பது மணிக்குத்தான் விடிகிறது.
எமாயொகி ஆறு உறைந்து கிடக்க
யாரோ நாயுடன் அதன்மேல் நடந்துபோன தடம்.
ஹெல்வே ஆய்வகத்தின் விளக்கைப் போட்டபோது
நான்காவது குழாய் மஞ்சளாயிருந்தது.

மஞ்சளாகக் கூடாத குழாய்.
ஒன்றும் நடக்காது என்று காட்டுவதற்காகவே
ராத்திரி முழுக்க நிற்கவைத்தது.
பெரிய மஞ்சளில்லை,
தேநீர்க் கோப்பையில் நேற்றைய எலுமிச்சைத் துண்டு
விட்டுப்போகிற அளவு.

"சரியாகக் கழுவவில்லை" என்றான் பிரீடு,
முப்பத்தொரு வருடமாக இங்கே
கண்ணாடி கழுவுகிறவளிடம்.
அவள் பதில் சொல்லவில்லை.
புதுக் குழாய். புதுத் தண்ணீர். புது உப்பு.
மறுநாளும் மஞ்சள்.
மூன்றாம் நாள் அவனே கழுவினான், இரண்டு முறை,
விரல் சிவக்க.
மஞ்சள்.

உருளைக்கிழங்கு வயலோரத்து மண்ணில் கிடைத்த நொதி.
அதற்கென்று ஒரு வேலை உண்டு:
பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று கூப்பிட வீசுகிற
சின்னஞ்சிறு வளையங்களைப் பிடித்து அறுப்பது.
நொடிக்கு நானூறு.
ஊர் கூடுமுன்
தண்டோராத் தோலைக் கிழித்துவிடுகிற வேலை.

இந்தக் குழாயில் வளையமே இல்லை.
இருப்பது பூச்சிமருந்து.
எண்பது வருடம் முன்பு மனிதர் சமைத்தது;
அதற்குமுன் எந்த மழையும்
அதை நனைத்ததில்லை.
எந்த உயிருக்கும் அதை அடையாளம் தெரிய நியாயமில்லை.
ஆனாலும் இருட்டில்,
நிமிடத்துக்கு ஒன்றோ இரண்டோ,
அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது.
அறுந்த துண்டின் நிறம்தான் மஞ்சள்.

"இரைச்சல்" என்றார் பேராசிரியர் வம்போலா.
"கணக்கில் கழித்துவிடு."
ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்று படித்தவர்.
ஓய்வுக்கு இரண்டு மாதம் இருந்தது அவருக்கு,
கழிப்பது சுலபமாகிவிட்ட வயது.

ஹெல்வே போய்
குளிர்பெட்டியில் கட்டிய பனியைத் தட்டினாள்,
பனிச்சறுக்குக் கோலால்.
ஒற்றைக் கோல். அதன் ஜோடி
ஒதெப்பே சரிவில் எங்கோ புதைந்ததாகக் கேள்வி.
இதுதான் ஜன்னலுக்கு முட்டு,
மேல்தட்டுப் பெட்டிக்கு நீட்டும் கை,
மின்தூக்கி பாதியில் நின்றால் நெம்புகோல்.
சறுக்குவதற்கு மட்டும்
இதை எடுத்தவர் யாருமில்லை.

சொல்லில் இப்படி நடந்தால்
பலபொருள் ஒருசொல் என்று
இலக்கணம் எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டது.
திங்கள் என்றால் நிலவு, மாதம், வாரத்தில் ஒரு நாள்.
நிலவுக்கு மாதம் இரைச்சலா?
புரதத்துக்கு மட்டும் ஏன்
ஒரே பொருள்?

அன்று பிரீடு வீட்டுக்குப் போகவில்லை.
குழாயை விளக்குக்கு நேராகப் பிடித்தபடி கேட்டான்:
"இதற்கு இது தெரியுமா,
இல்லை, தெரியாமலே செய்கிறதா?"
"நீ எப்படிப் பிழைக்கிறாய்?" என்றாள் ஹெல்வே.
இருவரும் சிரித்தார்கள், கொஞ்சம் தாமதமாக.

பிறகு மரபணுவில் ஓர் எழுத்தை மாற்றினார்கள்.
பத்து முறை மாற்றியதில் எட்டு ஊமை.
ஒன்று எதையுமே அறுக்கவில்லை.
ஒன்று, மார்ச் மாதம்,
மதியச் சாப்பாட்டுக்குள் மஞ்சளைக் கொண்டுவந்தது.
வளையம் அறுப்பதையும் விடவில்லை,
கொஞ்சம் மெதுவாக.

பெட்டியில் ஒட்டும் சீட்டு
கட்டைவிரல் அகலம்.
பழைய பெயரை ஹெல்வே நுணுக்கி எழுதினாள்.
அதற்குப் பக்கத்தில் எழுதப்போனவள்
பேனாவை மூடிவிட்டாள்.

வெளியே பனி இளகுகிறது.
உருளைக்கிழங்கு வயலில் இனி மருந்தடிப்பார்கள்.
அந்த ஓரத்து மண்ணுக்குள்
குழாயில்லாமல், கணக்கில்லாமல்
அறுபடும், நிமிடத்துக்கு ஒன்று, இரண்டு.
மண் கறுப்பு.
மஞ்சள் அங்கே
தெரியாது.