நாலு விரற்கடை

புகாரில் இருந்தது இவ்வளவுதான்:
மொட்டைமாடியில் நின்றால் கோபுரம் தெரிகிறது,
மேஜைக்கு வந்தால் போன் செத்துப்போகிறது.
பின்னால் ஆறு ஆச்சரியக்குறி.

மண்ணடி, அங்கப்ப நாயக்கன் தெரு.
பேரிங் மொத்த வியாபாரம், இரண்டாம் மாடி.
நிறுத்த இடம் கிடைக்காமல் தஸ்தகீர்
வண்டியோடு தெருவைச் சுற்றிக்கொண்டிருக்க
சோதனை போன்களும் லேப்டாப்புமாய்
கிரீஸ் வாசனைக்குள் படியேறினேன்.

கணக்கெழுதும் ஜுலைகா
பச்சை ரெக்சின் மேஜையில் ஓர் இடத்தை
விரலால் குத்திக் காட்டினாள்.
"இங்கதான்."
அடையாள அணிவகுப்பில்
திருடனைக் காட்டுகிற விரல்.

வைத்தேன்.
திரையில் கோடு சரிந்து கிணற்றுக்குள் போயிற்று.

ஒரே சொல்தான் கிளம்புகிறது கோபுரத்திலிருந்து.
நேர்வழியை நாலு மாடிகள் மறித்துவிட
ஒரு பிரதி எதிர்க்கட்டடக் கண்ணாடியில் மோதி வருகிறது,
ஒன்று தகரக் கூரையில் சறுக்கி,
ஒன்று வாசலில் நிற்கும்
மெட்ரோ வாட்டர் லாரியின் ஈர வயிற்றில் பட்டு.
எல்லாம் வந்து சேர்ந்துவிடுகின்றன, அதுதான் வேடிக்கை.
ஒன்று மேடாய் வருகிற கணத்தில்
இன்னொன்று பள்ளமாய் வருகிறது.
கூட்டினால் பூஜ்யம்.

"வரவு, செலவு ரெண்டும் ஒண்ணானா கல்லா காலி"
என்றாள் ஜுலைகா, பேரேட்டிலிருந்து தலை நிமிராமல்.

போனை நாலு விரற்கடை தள்ளி வைத்தேன்.
முழம்கூட இல்லாத அலைக்கு
நாலு விரற்கடை வேறொரு பேட்டை.
கோடு எழுந்து நின்றது.

"இதுக்கா உங்கள அனுப்பிச்சாங்க?"

பதில் இருந்தது என்னிடம், நீளமாக.
இப்போது வருகிற போன்களுக்கு
இரண்டு காது, சிலதுக்கு நாலு.
ஒன்று குழிக்குள் விழுகையில்
மற்றது பெரும்பாலும் கரையில் இருக்கும்.
ரப்பர் பேண்ட் போட்ட உன் பழையதுக்கு
ஒற்றைக் காதுதான், அம்மா.

சொற்களைக் கலைத்துக் கலைத்து அனுப்புகிறோம்,
பிராட்வே பஸ் ஏறுமுன்
பணத்தை நாலு இடத்தில் பிரித்துச் சொருகுவது மாதிரி.
அடித்தால் ஒரு பை போகும்.
மீதியை வைத்துப் போனதைக் கணக்குப் போட்டுவிடலாம்.

பிந்தி ஓடிவரும் எதிரொலி
அடுத்த சொல்லின் காலை மிதிக்காதிருக்க
நடுவில் இம்மி நேரம் விட்டுவைக்கிறோம்.
ஏறுகிறவன் ஏறட்டும் என்று
விசிலை வாயிலேயே வைத்திருக்கும்
நல்ல கண்டக்டர்கள் சிலர் உண்டே.

எனக்குப் பிடித்தது இன்னொன்று.
செய்தியே இல்லாத ஒரு சொல்லை
இடையிடையே அனுப்புவோம்.
இரண்டு பக்கத்துக்கும் முன்பே தெரிந்த சொல்.
ஊர் அதை எவ்வளவு கோணலாக்கியது என்று பார்த்துக்கொண்டு
தெரியாத சொற்களிலிருந்து
அதே கோணலைக் கழித்துவிடும் கருவி.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
அவள் போன் அடித்தது. ராயபுரத்து லாரி ஆபீஸ்.
"கேக்குதா?"
"கேக்குது."
"கேக்குதா இப்ப?"
"கேக்குதுங்கறேன்ல, சொல்லு."

தெரிந்த சொல் போய்த் தெரிந்த சொல் வந்தது.
பிறகுதான்
எத்தனை பெட்டி, எந்த அளவு, யார் தரவேண்டிய பாக்கி.

அறிக்கையில் 'காரணம்' என்ற பெட்டி.
திறந்து பார்த்தேன்:
மின்தடை, கேபிள் துண்டிப்பு, மழை.
லாரி என்று ஒன்றும் இல்லை.
'மற்றவை'யை அழுத்துகையில்
கீழே அந்த மற்றவை
உறுமி, பின்னால் நகர்ந்து, ஒரு சைக்கிளை உரசி,
திட்டு வாங்கிக்கொண்டு தெருவை விட்டு வெளியேறியது.

ஜுலைகாவின் குரல் பாதியில் அறுந்தது.
நான் நல்ல இடம் என்று வைத்த இடம்
இப்போது குழி.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு
போனைத் தன் பழைய இடத்துக்கே
நாலு விரற்கடை இழுத்தாள்.

"ம்ம், சொல்லு. கேக்குதா?"