பொருள்: கல்

புளியரை தாண்டிப் போகிற லாரிகளை
இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை
நிறுப்பது என் வேலை.
ஏறினால் எண் வரும், இறங்கினால் பூஜ்யம்.
அறுபது டன் தாங்கும் மேடை.
பத்துக் கிலோவுக்குக் கீழே அதற்குக் கணக்குத் தெரியாது.

கடையநல்லூர்க் கல்யாணத்தில் பிரியாணி தின்று
அது இறங்கும் முன்பே
பார்டர் பரோட்டாவுக்குக் காரெடுத்து வந்தார்கள்
திவான் மைதீனும் மசூதும்.
பத்தாம் வகுப்பில் எனக்கு முன்பெஞ்சு.
அப்போது இரண்டு பேருக்கும் சேர்த்து
ஒரு சைக்கிள் கேரியர் போதும்.
இப்போது ஒருவன் லெஸ்டரில் டாக்ஸி,
ஒருவன் ஹூஸ்டனில் கிடங்கு மேற்பார்வை.
கண்ணாடியைத் தட்டி,
"ஆவுட, எங்களையும் நிறுத்துப் பாரு."

வழியெல்லாம் சண்டையாம்,
எவன் நாடு பெருத்த நாடு என்று.

"நாலு மணிக்கே இருட்டிரும்" என்றான் திவான்.
"மழ. தெருவுல வெளிச்சம்னா
மீன் பொரிக்கிற கடை மட்டுந்தான்.
மாவுல முக்குன மீனு, விரல் தண்டி கிழங்கு, மேல காடி.
அந்தக் காகிதச் சூட்ட மடியில வச்சிக்கிட்டு
அடுத்த சவாரிக்குக் காத்துக் கெடப்பேன்.
கறியையும் மாவுக்குள்ள வச்சுத்தான் மூடுவாங்க.
சுரங்கத்துல எறங்குனவனுக்கு ஆக்குன சோறு,
இப்ப நாற்காலில இருக்கிறவன் திங்கான்."

மசூது விடவில்லை.
"எங்க ஊர்ல கார விட்டு எறங்கவே வேண்டாம்,
சன்னலுக்குச் சன்னல் கை நீளும்.
காசு ஒருக்க, கோப்பைய எத்தன தடவையும் நெரப்பு.
நடக்கலாம்னா நடக்க ஓரம் கெடையாது.
நவம்பர்ல ஒரு நா
வான்கோழிய முழுசாச் சுட்டு நன்றி சொல்லித் திம்பாங்க.
மத்த நாள்ல நன்றி சொல்ல நேரமில்ல,
திங்கிறது மட்டுந்தான்."

பதினெட்டுக் கல் இருப்பானாம் திவான்.
அந்த நாட்டில் உடம்பைக் கல்லில்தான் சொல்வார்களாம்.
எனக்குத் தெரிந்த கல்
அடுப்பில், அரிசியில், சித்தப்பாவின் சிறுநீரகத்தில்,
அப்புறம் வெளியே டாரஸில் வரிசையாக நிற்பது.
"நான் எரநூத்தெழுவது பவுண்டு" என்றான் மசூது.
பவுன் என்று காதில் விழுந்தது.
"அவ்வளவையும் போட்டா ஒன்னக் கட்டிக் குடுத்தாங்க?"

திவான் ஏறினான். 110.
மசூது ஏறினான். 120.
இருவரும் சேர்ந்து ஏறினார்கள். 240.
இறங்கி மறுபடி ஏறினார்கள். 240தான்.
"பத்துக் கிலோ எங்கேருந்து வந்துச்சு?"
மேடை தோராயம்தான், விளக்கியிருக்கலாம்.
ஆளுக்காள் மற்றவன் வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்,
நான் குறுக்கே போகவில்லை.

"நீயும் ஏறு."

எனக்கென்ன, உட்கார்ந்தே விடிகிற வேலை.
இழுப்பறையில் மிக்சர் பொட்டலம்,
அதன்மேல் சர்க்கரை மாத்திரை.
ஆஸ்பத்திரியில் நர்ஸ் கூவிச் சொன்ன எழுபத்தெட்டை
வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
ஏறினேன்.
மூன்று பேருக்கும் சேர்த்து 310.
அப்படியென்றால் நான் எழுபது.
"கம்ப்யூட்டரு பொய் சொல்லாது" என்றேன்.

ஆரன்.
கொல்லத்துக்குப் பாறை ஏற்றிய வண்டி.
ஸ்டியரிங் மேல் பரோட்டாப் பார்சலோடு ஷாஜன்,
"சேச்சீ, வேகம்!"
முப்பத்தொன்பது டன் நானூற்றுப் பத்து.
இந்தப் பக்கத்தில்
மெலிந்துகொண்டே வருவது ஒன்றே ஒன்று,
குவாரிக்குப் பின்னால் இருந்த மலை.

மசூதுக்குச் சீட்டு வேண்டுமாம்.
பொருள் என்ற கட்டத்தை நிரப்பாவிட்டால் அச்சாகாது.
ராத்திரிக்கு நூறு முறை அடிப்பதையே விரல் அடித்தது.
பொருள்: கல். எடை: 240.
திவான் மூச்சு வாங்கச் சிரித்தான்.
மசூது மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தான்.

வண்டி எண் கேட்ட இடத்தில்
'நடந்து' என்று போட்டிருந்தேன்.
பரோட்டாக் கடை எதிரே, முப்பதடி.
காரில் போனார்கள்.